நத்தார் இரவுக்கு ஓர் இடம்

2023 ஒக்டோபர் மாதத்தில் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து கடிதம் வந்தது. மின்னஞ்சல்தான், ஆயினும் கடிதம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து, அத்தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்து, இன்று நோர்வேயில் மனைவி மக்களோடு வாழ்பவன் அவன். "சேர், இந்த வருஷ நத்தாருக்கு வருகிறோம். கொழும்பிலே வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். ஹோட்டல் வேண்டாம். உறவினர் வீடும் வேண்டாம். மலைநாட்டிலே சத்தமில்லாத, தனித்த ஓர் இடமாக நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

வீட்டு வண்டி என்பதை நம் வாசகர்களிற் சிலர் கண்டிருக்கமாட்டார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு கழிவறை யாவும் உள்ளடங்கிய மோட்டார் வண்டி அது. பொழுது சாய்ந்த இடத்தில் நிறுத்தினால் அதுவே வீடு. ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய வண்டிகளுக்கென்றே மின்சாரமும் குழாய் நீரும் அமைத்த தங்குமிடங்கள் பல உண்டு. நோர்வேயிலோ 1957-ஆம் ஆண்டின் சட்டமொன்று, பயிரிடப்படாத நிலத்தில் எவரும் கூடாரமடித்துத் தங்கலாம் என்று உரிமை தருகிறது. குடியிருப்பு வீட்டிலிருந்து 150 மீற்றர் விலகியிருக்க வேண்டும். ஊருக்கு அண்மையிலானால் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதற்கு நிலக்காரரின் சம்மதம் வேண்டும். இவையே நிபந்தனைகள். அந்த நாட்டுப் பழக்கத்தில்தான் பையன் எழுதியிருக்கிறான் என்று விளங்கிற்று. நம் மலைகளிலோ தேயிலை நிற்கும் நிலம் தோட்டத்தினுடையது; காடு நிற்கும் நிலம் அரசாங்கத்தினுடையது. இரண்டுக்கும் இடையில் வண்டி நிறுத்த ஓர் அங்குலம் தேடுவது இலகுவான காரியமன்று. ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலைதான் என்ன? தேடப் புறப்பட்டேன்.

நத்தார் என்றதும் நுவரெலியாதான் எவர்க்கும் நினைவுக்கு வரும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம்; குளிர்; ஆங்கிலேயர் விட்டுப்போன புல்வெளி, குதிரைப் பந்தயத் திடல், 1852-இல் எழுந்த பரிசுத்த திரித்துவ தேவாலயம். காய்ச்சலில் மெலிந்து ஓய்வுக்காக அங்கே சென்ற சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அந்த இடத்தில் மயங்கி, 1848-இல் ஆட்களும் ஆடு மாடுகளும் கலப்பைகளுமாக ஒரு குட்டி இங்கிலாந்தையே கப்பலேற்றிக் கொண்டு வந்தார். மலை ஏறும் வழியில் அவருடைய வண்டியும் குதிரைகளும் சரிவில் உருண்டுபோயின. ஓட்டிவந்த குதிரைக்காரன் எசமானுக்கு எழுதிய கடிதத்தில், வண்டியோடு தானும் விழாமற் போனதே பெரும்பேறு என்று தெரிவித்தானாம். வீட்டையே வண்டியிலேற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் வருகிறவர்கள் இந்தக் கதையை ஒரு முறை படித்துவிட்டு வருவது நல்லது.

ஆனால் நுவரெலியாவை நான் ஒதுக்கியதற்குக் காரணம் பாதையன்று, பஞ்சாங்கம். அவ்வாண்டு நத்தார் திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய் உந்துவப் பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறு சேர்ந்தால் நான்கு நாள். பள்ளிக்கூடங்களுக்கும் விடுமுறை. கொழும்பும் கண்டியும் திரண்டு கிரகரி வாவிக் கரைக்கு வந்துவிடும் என்பதை ஊகிக்க ஜோதிடர் தேவையில்லை.

அதே பௌர்ணமியால் மஸ்கெலியாப் பக்கமும் அடிபட்டது. உந்துவப் பௌர்ணமியன்றுதான் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்குகிறது. வெசாக் வரையில் நல்லதண்ணியிலே இரவு பகல் கிடையாது. இல்லாவிடில் மவுசாகலை நீர்த்தேக்கக் கரையை அவனுக்குக் காட்டியிருப்பேன். 1969-இல் முடிவடைந்த அந்த அணைக்குள்ளே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. வறட்சியில் நீர் இறங்குங்கால் கோயிலும் பள்ளிவாசலும் தலைகாட்டும். ஊரே நீருக்கடியிற் கிடக்கும் இடத்தில் ஒருவகை அமைதி உண்டு. எனினும் நத்தாருக்கு ஏற்ற அமைதி அதுவா என்பது வேறு கேள்வி.

ஹோட்டன் சமவெளியையும் யோசித்தேன். 2000 மீற்றருக்கு மேற்பட்ட புல்வெளி. மரை மேயும் இடம். 1988-இல் தேசிய பூங்காவாயிற்று. 2010-இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் குறித்த இடத்தில், அவர்கள் குறித்த முறையில் தங்க வேண்டும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று மூடுபனியையும் மழையையும் ஒருங்கே கொணரும். குளிர் நோர்வேக் குழந்தைகளுக்கு ஒரு பொருட்டல்ல. காவலுக்குப் போகிற எனக்குத்தான் பொருட்டு.

பின்பு பொகவந்தலாவைக்குப் போனேன். இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். பரிசுத்த மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரூனும் அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கமரூனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர், 1833-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணமான கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன். மனைவி, உலகம் போற்றும் புகைப்படக் கலைஞர். 1875-இல் இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்து கப்பலேறி, கோப்பித் தோட்டங்களை நம்பி வந்தார்கள். கோப்பியோ 1869 முதலே இலைநோய் கண்டு மடிந்துகொண்டிருந்தது. அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். கவி டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் பிடித்த அவர் நம் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். அங்கே படத்துக்குப் படம் பெயர் எழுதியவர், இங்கே பெரும்பாலானவற்றுக்குப் பெயர் எழுதவில்லை. அந்தக் கல்லறையருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாய் எழும். ஒன்று மரியாதை, மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலய முற்றம் வண்டி நிறுத்தும் இடமன்றாகையால் வணங்கிவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் டிக்கோயாவிலேயே, 1878-இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயத்துக்கு எதிர்க்கரையில், காசல்றீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஒரு புல்தரையைக் கண்டேன். சமதரை. மேலே தேயிலைச் சரிவு, கீழே நீர், அக்கரையில் கருங்கல் தேவாலயம். நத்தார் இரவில் மணியோசை நீரின் மேல் மிதந்து வரும். இதுதான் இடம் என்று அப்பொழுதே தீர்மானித்து, தோட்டத்து அதிகாரியிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன்.

அந்த வழியே விறகுச் சுமையோடு வந்த ஒரு பெரியவர் நின்று என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சுமையை இறக்கிவைத்து, கையால் மேற்சரிவைக் காட்டினார். "மாஸ்டர், அந்தச் சவுக்கு மரம் ரெண்டும் எப்படி நிக்குதுன்னு பாருங்க. போன வருஷம் நேராத்தான் நின்னுச்சு. அதுக்குக் கீழ புதுசா ஊத்து வேற கெளம்பியிருக்கு. மண்ணு நடக்குதுங்க" என்றார். நான் முப்பத்தைந்து ஆண்டு புவியியல் கற்பித்தவன். சாய்ந்த மரமும், நிலத்திலோடும் வெடிப்பும், திடீரெனத் தோன்றும் கலங்கல் ஊற்றும் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். அழகைக் கண்டு மேலே பார்க்க மறந்துவிட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்து, ஊர் ஊராய் மண் இறங்கிய செய்திகளைக் கேட்டபோது, அந்தப் பெரியவரின் நீட்டிய கைதான் என் கண்முன் நின்றது.

அவர் அத்தோடு விடவில்லை. "வண்டியிலே கக்கூசும் இருக்குன்னு சொல்றீங்க. அந்தத் தண்ணிய எங்க ஊத்துவாங்க?" என்று கேட்டார். கீழே வளைந்தோடும் ஓடைதான் அடுத்த லயத்தின் பீலிக்கரைக்குப் போகிறது. அதிலேதான் குடிநீர் பிடிக்கிறார்கள். தனித்த இடம், ஆளில்லாத இடம் என்று நாம் மேலிருந்து பார்த்துச் சொல்லுகிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது.

வேறு வழியில்லாமல், முதல்நாளே மனத்தில் தோன்றியும் நான் தள்ளி வைத்த இடத்துக்குத் திரும்பினேன். அது அவன் படித்த பள்ளிக்கூடத்து மைதானம். கெட்டி மண், மேலே சரிவில்லை, குழாய் நீர் உண்டு, கழிவுக்குக் குழி உண்டு. அதிபரும் உடனே சம்மதித்தார். ஒரே குறை, அது சத்தமில்லாத இடமன்று. இருபது யார் தூரத்தில் அவன் பிறந்த லயம். சேவல், வானொலி, பீலிக்கரைச் சண்டை, விடியற்காலையில் ஸ்டோர்ச் சங்கு. மைதானத்துக்குப் பின்னால் இடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை.

அந்தப் பாதைதான் என்னைத் தயங்க வைத்தது. 2021-இல் அவன் தாய் இறந்தபோது பெருந்தொற்றினால் அவனால் வர முடியவில்லை. இங்கே நாங்கள் சில பேர் நின்று அடக்கம் செய்தோம். 'உறவினர் வீடும் வேண்டாம்' என்று அவன் எழுதியதன் பொருள் எனக்குத் தெரியாததன்று. இருந்தாலும் மறைத்து எழுதுவது சரியென்று படவில்லை. பார்த்த இடங்களையெல்லாம் விவரித்து, தக்க இடம் இது ஒன்றே, ஆனால் இங்கே அமைதி கிடையாது என்று எழுதினேன். பத்து நாள் பதிலில்லை. பிறகு ஒரே வரி வந்தது: "சங்கு இப்போதும் பழைய நேரத்துக்குத்தான் ஊதுகிறதா, சேர்?"

டிசம்பர் 24, ஞாயிறு மாலை வண்டி வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வளைவில் தாழ்ந்திருந்த கிளையொன்று கூரையில் உரச, நான்கு இளைஞர்கள் மரத்திலேறி அதை வெட்டிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் வரிசையில் நின்றார்கள். வீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அவன் மனைவி ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினாள். கடைசியில், அவன் தாயோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த ஒரு மூதாட்டி, பிள்ளைகள் இருவர் கைபிடிக்க ஏறினார். படுக்கையைத் தடவிப் பார்த்தார்; அடுப்பைப் பார்த்தார்; பிறகு சுவருக்குச் சுவர் கண்ணால் அளந்தார்.

"எங்க காம்பராவும் இம்புட்டுத்தாம்ப்பா. ஒங்கம்மா அதுலதான் ஏழு பேர வச்சிருந்தா."

கணக்கு சரிதான். பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. நூற்றிருபது சதுர அடி. அந்த வண்டி இருபதடி நீளம், ஏழடி அகலம். இத்தனை காலமும் இது எனக்குத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்றுதான்: வண்டியை நிறுத்தியவன் வேண்டியபோது எடுத்துச் செல்லலாம். காம்பராவோ தோட்டத்து வேலையோடு கட்டுண்டது. மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டதன் காரணம் இதை அறிந்தவர்க்கு விளங்கும். 1823-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் நடந்த அதே வருடத்தில்தான் அந்த மூதாட்டி வண்டிக்குள் நின்று இதைச் சொன்னார்.

இரவு பத்து மணிக்குக் கரோல் கோஷ்டி வந்தது. சைவப் பிள்ளைகளும் கலந்த கோஷ்டிதான், மலையில் அப்படித்தான். மத்தளம் ஒன்று, தகரத்தில் ஒட்டிய நட்சத்திரம் ஒன்று. லயம் லயமாகப் பாடிவிட்டு வண்டியையும் ஒரு வீடாக எண்ணி அதன் கதவைத் தட்டினார்கள். நோர்வேயிற் பிறந்த குழந்தைகள் விழித்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்து கேட்டன. சத்திரத்தில் இடமில்லாத ஒரு குடும்பத்தின் கதையைத்தான் அவர்கள் பாடினார்கள். அவன் தேநீர் போட்டான். வண்டியின் அடுப்பு சிறியதாகையால் ஏழு தடவை போட வேண்டியிருந்தது.

மறுநாள் விடுமுறை; சங்கு ஊதவில்லை. நான் அன்றிரவு பள்ளிக்கூடத்து அறையிலேயே படுத்திருந்தேன். வெளிச்சம் பரவுமுன்னே, வழக்கமாகச் சங்கு ஊதும் அந்த நேரத்தில், வண்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். கம்பளி போர்த்திய அந்த மூதாட்டி கையில் விளக்கோடு மைதானத்து ஓரத்தில் முன்னரே நின்றிருந்தார். அவன் இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டிப் படியின் கீழே வைத்துவிட்டு, அவர் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போனான்.