ஆயில் மாற்றுவது யார் கை?
அமெரிக்காவில் 1970-களிலிருந்து பரவிய விரைவு ஆயில் மாற்றுக் கடைகள், எஞ்சின் ஆயிலையும் அதன் அழுக்கைப் பிடித்துவைக்கும் ஃபில்டரையும் அரைமணிக்குள் மாற்றித் தருவதால், வீட்டிலேயே அவ்வேலையைச் செய்துகொள்ளும் வழக்கத்தைக் குறைத்தன. எனினும் யார் மாற்றினாலும், எப்போது மாற்றுவது என்பதில் 3,000 மைலுக்கு ஒருமுறை என்ற பழைய கணக்கைவிட, செயற்கை ஆயில் ஊற்றும் புதிய கார்கள் பலவற்றுக்கு 7,500 முதல் 10,000 மைல் வரை இடைவெளி தரும் உற்பத்தியாளரின் கையேடே நம்பத்தக்கது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருப்பதைக் கடை ஊழியர் அவசரத்தில் கவனியாமல் புதியதைப் பூட்டினால், ஆயில் பீறிட்டு வெளியேறி எஞ்சினே பழுதாகக்கூடும். இத்தவறு வீட்டில் செய்பவருக்கும் நேரலாம், ஆனால் அவருக்கு அடுத்த வண்டி காத்திருக்கும் அவசரம் இல்லை. ஆனால் வீட்டில் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்தானதால் தாங்குகால்கள் கட்டாயம் வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், அதைத் திரும்பப் பெறும் உதிரிபாகக் கடைகளில் சேர்ப்பதும் வீட்டில் செய்பவரின் பொறுப்பே.