குடலைக் கழுவும் முன் வயிற்றைப் பாருங்கள்

“பை இல்லாமல் ஒரு நாளாவது இருக்க முடியாதா?” கொலாஸ்டமி அறுவை சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருவோர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. சிலருக்கு முடியும். ஒரே நேரத்தில், நாள்தோறுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, குடல்வாய் வழியே வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலைக் கழுவப் பழகியவர்களுக்கு, அடுத்த கழுவுதல் வரை பெரும்பாலும் மலம் வெளிவராது. குடல்வாயின் மேல் சிறு மூடி ஒன்றே போதும். திருமணப் பந்தியில் அமர்ந்திருக்கும்போது பை நிறைந்துவிடுமோ என்ற கலக்கம் இராது.

எனினும், இம்முறை பெருங்குடலின் கடைப்பகுதியில், பொதுவாக இடப்பக்க வயிற்றில், நிலையான குடல்வாய் அமைந்தவர்களுக்கு மட்டுமே உரியது. சிறுகுடலில் அமைக்கப்படும் இலியாஸ்டமிக்கு இது கூடாது. கீமோ அல்லது கதிர்வீச்சு சிகிச்சை நடைபெறும் காலத்திலும், வயிற்றுப்போக்கின்போதும் கூடாது. நீரின் ஒரு பகுதியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர்கள் மருத்துவரின் இசைவின்றித் தொடங்கலாகாது.

இவற்றையெல்லாம் நோயாளிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறந்துபோவது குடலிறக்கத்தைத்தான்.

குடலை வெளியே கொண்டுவருவதற்காக வயிற்றுத் தசையில் ஒரு துளை இடப்படுகிறது. இருமும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. நாளடைவில் துளை விரிந்து, குடலின் வேறொரு பகுதி அதன் வழியே தோலுக்கடியில் துருத்தி நிற்கும். நின்றால் தெரியும், படுத்தால் மறைந்துவிடும். பலருக்கு வலி இராது. “சற்றுப் பருத்துவிட்டேன் போலும்” என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பை சரிவர ஒட்டாமல் கசியத் தொடங்கிய பிறகே எம்மிடம் வருகிறார்கள்.

துருத்தம் உள்ள இடத்தில் குடல் வளைந்து மடங்கியிருக்கும். செலுத்தும் நீர் உட்செல்லாது, சென்றால் திரும்பாது. கூம்பை வலிந்து அழுத்தினால் குடற்சுவரே கிழியக்கூடும். ஆகவே துருத்தம் தென்பட்டால் கழுவுதலை நிறுத்திவிட்டு, அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். பைக்குத் திரும்புவது தோல்வியன்று.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி எழுந்து நடமாடியதும் “பழையபடி ஆகிவிட்டார்” என்று மகிழ்கிறோம். மறுநாளே தண்ணீர்க் குடம் அவர் இடுப்புக்கு ஏறிவிடுகிறது. நிறைந்த சமையல் எரிவாயு உருளையின் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதனை நகர்த்துவதும் தூக்குவதற்கு நிகர்தான். முதல் 3 மாதங்கள் இத்தகைய வேலைகளை அறவே தவிர்க்கட்டும். பின்னரும் பாரம் பிறர் கைக்கே போகட்டும். இருமல், தும்மல் வரும்போது உள்ளங்கையால் குடல்வாயை மென்மையாக அழுத்திப் பிடிக்க வேண்டும். புகைபிடிப்பதை விட்டால் இருமலும் குறையும். வயிற்றுப் பட்டியை அளவெடுத்தே வாங்குங்கள். இறுக்கமானது குடல்வாயை நெரிக்கும்.

கழுவும் முறையை ஸ்டோமா செவிலியரின் முன்னிலையில்தான் முதலில் கற்க வேண்டும். குடிப்பதற்கேற்ற நீர், உடல் வெப்பத்தில், 500 முதல் 1,000 மில்லி வரை. உங்களுக்குரிய அளவைச் செவிலியர் சொல்வார். அமர்ந்த நிலையில் நீர்ப்பையின் அடிப்பகுதி தோள் உயரத்தில் தொங்கட்டும். கூம்பு இல்லாமல் வெறும் குழாயைச் செருகவே கூடாது. வயிறு பிடித்திழுத்தால் நீரை நிறுத்தி, மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். முழுவதும் முடிய ஒரு மணி நேரம் வரை ஆகும். ஒரே குளியலறை உள்ள வீட்டில் இதற்கென நேரத்தை முன்னரே பேசிவைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்தியக் கழிப்பறையாயின், முக்காலியில் அமர்ந்து, நீண்ட பிளாஸ்டிக் உறையின் நுனியைக் கழிப்புக்குழியில் விடலாம். குடல் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பையைக் கைவிட வேண்டாம்.

வாரம் ஒருமுறை குளிக்கும் முன் கண்ணாடியின் எதிரே பக்கவாட்டில் நின்று, ஒருமுறை இருமிப் பாருங்கள். இருபுறமும் ஒத்திருக்கிறதா என வீட்டார் ஒருவரும் பார்க்கட்டும். துருத்தம் உள்ளவருக்குக் கடும் வலி, வாந்தி, மலமும் வாயுவும் வராமை, குடல்வாய் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும் வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.