நேராக வர மறுத்த லாரி

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடந்தவர்கள் இடப்பக்கம் தெரியும் குருடிமலையைக் கவனித்திருப்பார்கள். அந்த மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்பின் தகரக் கொட்டகையில் ஒரு பழைய லாரி பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. இன்றைய லாரிகளைப் போல முகம் தட்டையாக இல்லாமல், என்ஜின் முன்னே மூக்குப் போல நீண்டிருக்கும் டாடா வண்டி அது. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் 1954-ல் ஒப்பந்தம் செய்துகொண்டு டாடா தயாரிக்கத் தொடங்கிய லாரிகளின் வழிவந்தது. என் நண்பரின் தந்தையார் அந்த வண்டியில் குன்னூருக்குச் செங்கல் ஏற்றித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் மறைந்த பின்னும் அதைப் பழைய இரும்புக்குப் போட நண்பருக்கு மனம் வரவில்லை. பழுது பார்த்து மீண்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தார்.

முன்பக்கக் கமான் பட்டைகள் துருவேறி, சில முறிந்தும் இருந்தன. ஒரு பட்டறையில் புதுப் பட்டைகள் சேர்த்து மாட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குள் ஓட்டியபோது குறை ஒன்றும் தெரியவில்லை. சரக்கேற்றி மலை ஏறியபோதும் தெரியவில்லை. தந்தையார் காலத்திலிருந்து அந்த வண்டியை ஓட்டிய பெரியவர், பர்லியாரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியுடன் திரும்பினார். இரண்டு வளைவு இறங்கியதுமே வண்டியை ஓரங்கட்டிவிட்டு நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, திருப்புனா திருப்புன பக்கமே நிக்குதுங்க, நேரா வரமாட்டேங்குது. பிரேக்கை மிதிச்சா ஸ்டியரிங் கையைப் பிடுங்கிட்டு ஓடுது. இதை நான் எப்படிங்க இறக்கறது?"

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,400 மீட்டர். இறங்கும் வழியெல்லாம் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அப்படிப்பட்ட பாதையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், அவர் வண்டியைக் கல்லாறு வரை கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் நண்பர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இயற்பியல் பாடம் நடத்துகிறவனுக்கு லாரிப் பட்டறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருந்தது.

முதலில் கமான் என்பது என்ன என்று பார்ப்போம். நிற்கும் லாரி ஒன்றின் முன் சக்கரத்துக்குப் பின்னால் சற்றுக் குனிந்து பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் வில் போல வளைந்திருக்கும். நம் பக்கத்துக் கிழவர்கள் வில்வண்டி என்று சொல்லும் மாட்டு வண்டியிலும் இதே அமைப்புத்தான்; அந்தப் பெயரே இதனால் வந்ததுதான். வண்டியின் உடலை இத்தகைய விற்களின்மேல் அமர்த்தும் முறைக்கு லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804-ல் காப்புரிமை பெற்றார்.

ஒரே தடித்த பட்டையாக இல்லாமல் ஏன் அடுக்கினார்கள்? பாரம் அழுத்தும்போது வளைக்கும் திருப்புத்திறன் நடுவில் மிகுதி, முனைகளில் குறைவு. ஆகவே நடுவில் பட்டைகள் பலவும் முனையில் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். எஃகும் வீணாகாது, எந்த ஓரிடமும் மீட்சி எல்லையைத் தாண்டாது. மேலும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் குலுங்கல் விரைவில் அடங்குகிறது. நிமிரும்போது கமானின் நீளம் சற்றுக் கூடும். அதற்கு இடம் கொடுக்கவே ஒரு முனையைச் சட்டத்தில் நேரே மாட்டி, மறுமுனையை ஊஞ்சல் போல ஆடும் ஷேக்கிளில் தொங்கவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த செய்தி. பலர் மறந்துவிடுவது இனி வருவது. கமான் வெறும் மெத்தை அன்று. முன் ஆக்சிலை அதன் இடத்திலும் அதன் சாய்விலும் பிடித்துவைத்திருப்பதும் அதே கமான்தான். பட்டைகளின் நடுவில் யூ போல்ட் போட்டு ஆக்சிலோடு இறுக்கிவிட்டால், கமான் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே ஆக்சிலும் நிற்கும். வேறு பிடி அதற்குக் கிடையாது. ஆகவே கமானைத் தவறாக மாட்டினால் கெடுவது பயணச் சுகம் மட்டும் அன்று, ஸ்டியரிங்கும் கெடும்.

ஆக்சிலின் சாய்வுக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன தொடர்பு? ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கையை மட்டும் பிடித்து முன்னோக்கித் தள்ளுங்கள். முன் சக்கரம் ஓரளவு நேராகவே போகும். இப்போது அதே போல் இருக்கையைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். கைப்பிடி சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஏன்? கைப்பிடித் தண்டின் அச்சைத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். முன்னோக்கிப் போகையில் தொடுபுள்ளி சுழலச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. சக்கரம் ஒரு பக்கம் விலகினால் தரையின் உராய்வு அதைப் பழைய நிலைக்கே கொண்டுவருகிறது. இது உறுதிச் சமநிலை. பின்னோக்கி இழுக்கும்போது தொடுபுள்ளி அச்சுக்கு முன்னால் போகிறது. சிறிது விலகினாலும் அந்த விலகலை உராய்வே வளர்த்துவிடுகிறது. இது உறுதியற்ற சமநிலை. மருத்துவமனையில் கட்டிலின் கீழே உள்ள சிறு சக்கரங்கள் தள்ளும் திசைக்குத் தாமே திரும்பிக்கொள்வதும் இதனால்தான்.

இங்கே ஓர் இடைச்செருகல். சைக்கிள் விழாமல் ஓடுவதற்கு இது மட்டுமே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்பவர் ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்துவிடுவது என்று முனைந்து, பல சைக்கிள்களை மாற்றி அமைத்துப் பார்த்தார். 2011-ல் வேறொரு குழுவினர், இந்தப் பின்னிழுப்பும் சுழலும் சக்கரத்தின் விளைவும் இல்லாமலேயே தானே நிமிர்ந்து ஓடும் இருசக்கர அமைப்பைச் செய்து காட்டினார்கள். நான்கு சக்கர லாரிக்கு விழும் கவலை இல்லை. அதனால் நம் கணக்கு எளிது.

லாரியில் கைப்பிடித் தண்டின் வேலையைச் செய்வது கிங் பின். ஆக்சிலின் இரு முனைகளிலும் நிற்கும் இந்தத் தடித்த எஃகு முளையைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. அதன் தலை சில பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இச்சாய்வைக் காஸ்டர் கோணம் என்பார்கள். சக்கரத்தின் ஆரம் 50 செ.மீ., சாய்வு 3 பாகை எனக் கொள்வோம். டான் 3 பாகை 0.052. எனவே தொடுபுள்ளி அச்சுக்கு 2.6 செ.மீ. பின்னால் இருக்கும். பக்கவாட்டு உராய்வு விசை 1,000 நியூட்டன் என்றால், சக்கரத்தை நேராக்கும் திருப்புத்திறன் 26 நியூட்டன் மீட்டர்.

நாங்கள் அளந்தது எப்படி என்றால், ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் கோணமானியை வைத்துத்தான். கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலை அதன் மையத்தில் கட்டிக்கொண்டோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, கிங் பின் தலையருகே சீராகக் கடைந்த பரப்பில் கோணமானியை வைத்தோம். நூல் காட்டிய சாய்வு ஒரு பாகை. ஆனால் பின்னோக்கி அல்ல, முன்னோக்கி! டான் ஒரு பாகை 0.0175. அதாவது தொடுபுள்ளி அச்சுக்கு ஏறக்குறைய 0.9 செ.மீ. முன்னால் இருக்கிறது. சைக்கிளைப் பின்னோக்கி இழுத்த கதை.

காரணத்தைத் தேடி அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஓர் ஆப்புத் தகடு உண்டு. இந்த வண்டியில் கமான் ஆக்சிலின் மேல் அமர்ந்திருப்பதால், ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருந்தால்தான் கிங் பின் தலை பின்னே சாயும். பட்டைகளைக் கழற்றிய அவசரத்தில் ஆப்பை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டிருந்தார்கள், அதுவும் இரண்டு பக்கமும். ஆப்பின் சரிவு 2 பாகை. 15 செ.மீ. நீளத் தகட்டில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் தடிமன் வேறுபாடு 5 மி.மீ.தான், கறுப்பு கிரீஸ் பூசிய கையில் எது எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திருப்பி வைத்தால் கூட்ட வேண்டிய 2 பாகை கழிந்துபோகிறது. மொத்த வேறுபாடு 4 பாகை. கழற்றுமுன் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் இத்தனை வேலை இல்லை.

அப்படியானால் சரக்குடன் ஏறும்போது ஏன் தெரியவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரப்பர் டயர் நெகிழ்வதால் பக்கவாட்டு விசை தொடுபரப்பின் நடுவில் அல்லாமல் சற்றுப் பின்னால் செயல்படுகிறது. டயர் தன் பங்குக்குச் செய்யும் இந்த உதவி, சிறு தவறை மறைத்துவிடும். மேலும் பின்னால் பாரம் ஏறியதும் வண்டியின் பின்பகுதி அமுங்கி, சட்டம் முழுவதும் பின்னோக்கிச் சாய்கிறது. சட்டத்தோடு கமானும், கமானோடு கிங் பின்னும் பின்னே சாய்கின்றன. ஏற்றத்தில் பிரேக்கும் வேண்டியதில்லை.

காலி வண்டி இறங்கும்போது எல்லாமே தலைகீழ். பின்பகுதி எழும்பிவிட்டது. பிரேக்கை மிதித்தால் மூக்குத் தாழ்கிறது. அதற்கும் மேலாக, உருளும் சக்கரத்தைப் பிரேக் பற்றும்போது, சக்கரம் தன் சுழற்சித் திசையிலேயே ஆக்சிலையும் திருகப் பார்க்கிறது. அதைத் தடுப்பது கமானின் விறைப்பு மட்டுமே. கமான் சற்று முறுக்கிக்கொள்ள, கிங் பின்னின் தலை முன்னே சாய்கிறது. இப்படி 3 பாகை போனதாகக் கொள்வோம். சரியாக மாட்டிய வண்டியில் 3 பாகையிலிருந்து சுழியத்துக்கு வரும்; டயரின் உதவி அப்போதும் மிஞ்சும். நம் வண்டியிலோ முன்னோக்கிய ஒரு பாகை 4 பாகையாகி, தொடுபுள்ளி 3.5 செ.மீ. முன்னே போய்விடும். டயரின் உதவி அதற்கு ஈடுகட்டுவது ஐயம். பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இந்தக் கணக்கில் இருக்கிறது, பாருங்கள்.

சரிசெய்யும் வேலையை வேறொரு மெக்கானிக் செய்தார். நானும் நண்பரும் எடுபிடி. ஜாக்கியால் தூக்கியதும் சட்டத்தின் கீழே தடித்த மரக் கட்டைகளை அடுக்கிய பிறகே அவர் உள்ளே கை விட்டார். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டியின் கீழேயும் நீங்கள் போகக் கூடாது. சென்டர் போல்ட்டை அவர் தொடவே இல்லை. அழுத்தி அடுக்கிய பட்டைகளை அதுதான் பிணைத்திருக்கிறது. கவனமின்றிக் கழற்றினால் தேங்கிய ஆற்றல் முழுவதும் வெளிப்பட்டுப் பட்டை துள்ளி அடிக்கும். யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆப்புகளைத் திருப்பி, போல்ட்டின் தலை ஆக்சிலின் குழியில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார். அமராவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் பின்தள்ளி நிற்கும். நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார். புதுப் பட்டைகள் ஓட்டத்தில் படிந்து தளரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கச் சொன்னார்.

மாலையில் நூலைக் கட்டி அளந்தோம். இடப்பக்கம் 3 பாகை, வலப்பக்கம் இரண்டரை. அந்த அரைப் பாகையையும் சரி செய்துவிடலாமா என்று நான் கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். "விட்டுடுங்க சார், நம்ம ரோட்டுக்கு அதுதான் வேணும்" என்றார். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்புறம் சரிந்திருக்கும். வண்டி எப்போதும் அந்தப் பக்கமே இழுக்கும். காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு வண்டி சற்று இழுக்கும் ஆதலால், வலப்பக்கம் குறைவாக இருப்பது அதற்கு எதிர்விசை ஆகிறது. நான் கோணமானியைப் பெட்டியில் வைத்தேன்.

மறுவாரம் பெரியவர் அதே வண்டியைப் பர்லியார் வரை கொண்டுபோய்க் காலியாக இறக்கினார். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். முதல் வளைவைக் கடந்ததும் அவர் பிடியைத் தளர்த்தினார். அவருடைய உள்ளங்கைகளுக்குள்ளேயே ஸ்டியரிங் வழுக்கிச் சுழன்று, நேரே வந்து நின்றது.