தசைக்குள் கேட்கும் சத்தம்



கை விறைக்கிறது, படி ஏறக் காலில் வலுவில்லை என்று வைத்தியரிடம் போனால், சிலரை அவர் ஈ.எம்.ஜி. என்ற பரிசோதனைக்கு அனுப்புவார். தசைக்குள் ஊசி, நரம்புக்கு மின்சாரம் என்று கேட்டதுமே எங்கள் பெரியவர்களில் சிலர் போகமாட்டேன் என்று விடுகிறார்கள். அந்த ஊசி எதைத் தேடுகிறது என்று இம்மாதம் பார்ப்போம்.

ஒரு நரம்புக்கலமும் அது ஆளும் தசைநார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குச் சுமார் 10 நார்கள்தான். கெண்டைக்கால் தசையில் 1000க்கும் மேல். நரம்பு ஒரு துடிப்பை அனுப்பினால் அந்த அலகின் நார்கள் எல்லாம் சேர்ந்தே சுருங்கும். பாதிச் சுருக்கம் என்று ஒன்று இல்லை.

அப்படியானால் தேநீர்க் கோப்பையை மெதுவாகவும் அரிசி மூட்டையைப் பலமாகவும் எப்படித் தூக்குகிறோம்? கோப்பைக்குச் சில சிறிய அலகுகள் போதும். அவை செக்கனுக்கு 6 முதல் 10 தடவை வரை துடிக்கும். பாரம் கூடக்கூடப் பெரிய அலகுகளும் வந்து சேரும், துடிப்பும் 20, 30 என்று விரைவாகும். சிறியவை முதலில், பெரியவை பிறகு என்ற இந்த ஒழுங்கை அமெரிக்காவில் எல்வுட் ஹென்மன் விளக்கினார். தேர்வடம் பிடிப்போர் எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்து ஒரே கணத்தில் விட்டால் தேர் குலுங்கும். அலகுகள் ஆள்மாறி ஆள் இழுப்பதால்தான் எங்கள் கை நடுங்காமல் இருக்கிறது.

இதை மனிதத் தசையில் முதலில் கேட்டவர்கள் லண்டனில் பிறந்த எட்கார் ஏட்ரியனும் அமெரிக்கரான டெட்லெவ் பிராங்கும். 1929இல் கம்பி பொருத்திய மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்து, துடிப்புகளைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்டார்கள். இலேசாகச் சுருக்கினால் 'டக், டக்' என்ற தனிச்சத்தம், பலமாகச் சுருக்கினால் ஒரே இரைச்சல். நரம்பு தசைக்கு எப்படிச் செய்தி கொடுக்கிறது என்பதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் பெர்னார்ட் காட்ஸ். நாட்சி ஜெர்மனியிலிருந்து 1935இல் லண்டனுக்கு அகதியாக வந்தவர். இங்கே யூனிவர்சிற்றி கொலிஜில் செய்த ஆய்வுகளுக்காக 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய வைத்தியரும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறார். ஓய்விலிருக்கும் நல்ல தசை அமைதியாக இருக்கும். நரம்பை இழந்த நார்கள் தாமாகவே பொரியும். நரம்பு பழுதானால் மிஞ்சியிருக்கும் சில அலகுகள் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். தசையே பழுதானால் சிறிய பாரத்துக்கும் பல அலகுகள் ஓடிவரும். கோளாறு நரம்பிலா தசையிலா என்று இப்படித்தான் பிரித்தறிகிறார்கள்.

ஊசி குத்தும்போது நோகும். ஆனால் அந்த ஊசி மின்சாரம் பாய்ச்சுவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. மின்னதிர்ச்சி கொடுப்பது அதனுடன் செய்யும் நரம்புப் பரிசோதனையில். அது தோலின் மேல், மிகக் குறுகிய நேரத்துக்கு.

இருந்தாலும், தடுப்புக்காவலில் வதைபட்ட ஒருவருக்கு அந்தச் சிறு அதிர்ச்சியும் பழையதைக் கிளறிவிடலாம். அப்படியானவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். விபரம் முழுவதும் சொல்லத் தேவையில்லை, "மின்சாரம் எனக்குப் பயம், காரணம் உண்டு" என்றாலே போதும். இடையில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அதையும் சொல்லவேண்டும்.

மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும். முன்பே கேளுங்கள். அந்த வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். பிள்ளைக்கு இதுவரை சொல்லாத ஒன்றை அந்த அறையில் பிள்ளையின் வாயாலேயே சொல்லவேண்டி வரலாம்.