மனச்சோர்வு: வகுப்பறையிலேயே வருமுன் காப்போம்

கல்லூரியில் முதல் செமஸ்டர். இரண்டு பேருக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ‘இந்த முறை சரியாகப் படிக்கவில்லை, அடுத்த தேர்வில் பிடித்துவிடலாம்’ என்கிறார் ஒருவர். ‘எனக்கு மூளையே கிடையாது. எப்போதுமே இப்படித்தான். இனி எதுவும் உருப்படாது’ என்று அறைக்குள் முடங்குகிறார் மற்றவர். நடந்தது ஒன்றே, அதற்கு அவரவர் தேடிக்கொண்ட காரணம்தான் வேறு. எந்தச் சறுக்கலுக்கும் தன்னையே குற்றவாளியாக்கி, அது என்றைக்கும் மாறாது என்று முடிவு கட்டும் பழக்கம் மனச்சோர்வுக்கு வழிவிடுகிறது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன்.

அந்தப் பழக்கத்தை நோய் வருவதற்கு முன்பே மாற்ற முடியுமா? ஃபிலடெல்ஃபியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனும் சகாக்களும் இதைச் சோதித்து, 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேள்வித்தாள் மூலம் அவநம்பிக்கைப் போக்கு மிகுந்த மாணவர்களைக் கண்டறிந்து, அவர்களில் 231 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் 2 மணி நேரம் வீதம் 8 வாரங்கள் குழுப் பயிற்சி. மற்றதற்குப் பயிற்சி இல்லை. இரு தரப்பையும் 3 ஆண்டுகள் கவனித்துவந்தார்கள்.

எண்ணத்துக்குக் குறுக்கு விசாரணை

பயிற்சியின் அடிப்படை, அதே பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறை. அது எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். அறைத் தோழி காலையில் பேசாமல் போய்விட்டாள், இது நிகழ்ச்சி. ‘என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை’, இது எண்ணம். அன்று சாப்பிடவும் இல்லை, வகுப்புக்குப் போகவும் இல்லை, இது விளைவு. மூன்றையும் தனித்தனியே எழுதிய பிறகு கேள்விகள் தொடங்கும். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? அவளுக்கு அன்று தேர்வு இருந்ததா? வீட்டிலிருந்து ஏதாவது கெட்ட செய்தியா?

‘எல்லாம் நல்லதற்கே’ என்று மனதைத் தேற்றிக்கொள்வது இதன் நோக்கமல்ல. எண்ணம் உண்மைதானா என்று சரிபார்ப்பதே நோக்கம். கூடவே, மலைப்பூட்டும் வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது, தள்ளிப்போடாமல் தொடங்குவது, கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேட்பது, உடலைத் தளர்த்திக்கொள்வது ஆகியவற்றையும் கற்றார்கள். வீட்டுப்பாடமும் உண்டு.

குழு எதற்கு?

நம் எண்ணத்திலுள்ள ஓட்டை நமக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது சட்டென்று தெரிகிறது. அடுத்தவருக்காக வாதாடிப் பழகியவர், பிறகு தனக்காகவும் வாதாடுகிறார். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பும் அங்கே உடைகிறது. குழு சிகிச்சை குணப்படுத்தும் காரணங்களில் ஒன்றாக மனநல மருத்துவர் இர்வின் யாலோம் இதைக் குறிப்பிடுகிறார். ஒரே பயிற்சியாளர் ஒரே நேரத்தில் பலருக்குக் கற்றுத்தர முடியும் என்பது ஆலோசகர்கள் குறைவாக உள்ள கல்லூரிகளுக்குப் பெரிய அனுகூலம்.

பலன் எவ்வளவு?

மூன்றாண்டுகளில், பயிற்சி பெறாதவர்களில் 32 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது அதைவிடத் தீவிரமான மனச்சோர்வு வந்தது. பயிற்சி பெற்றவர்களில் 22 சதவீதம். பதற்றக் கோளாறு 15 சதவீதத்துக்கு எதிராக 7 சதவீதம். ஆனால், கடுமையான மனச்சோர்வை மட்டும் தனியே பார்த்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, படிப்பு எல்லாமே குலைந்துபோன மாணவருக்குத் தேவை மருத்துவரின் சிகிச்சை. பயிற்சி வகுப்பு அதற்கு மாற்றாகாது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற இலவச எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல சேவை இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அவசரத்துக்கு அது அவசியம். ஆனால், மாணவர் தாமாக அழைக்கும் நிலைக்கு வரும்வரை கல்லூரி காத்திருக்கக் கூடாது. முதலாண்டுப் பாட அட்டவணையில் வாரம் 2 மணி நேரம் ஒதுக்கினால் 8 வாரங்களில் இந்தத் திறனைக் கற்றுத்தந்துவிடலாம். பத்துப் பேரில் ஒருவர் தப்பினாலும், அது ஒவ்வொரு கல்லூரியும் செய்யவேண்டிய செலவுதான்.