வாழை வேரில் நூற்புழு: தெளிவாகப் படம் எடுக்கப் பச்சை வடிகட்டி

தார் விட்ட வாழை, பலத்த காற்று இல்லாத நாளிலும் வேரோடு சாய்கிறதா? முட்டுக் கொடுப்பதோடு நிறுத்தாமல் வேரையும் பாருங்கள். நீளவாக்கில் பிளந்த வேரில் செம்பழுப்புக் காயங்கள் இருந்தால், நூற்புழு தாக்கியிருக்கலாம். உறுதி செய்யாமல் மருந்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

வேரைத் துளைக்கும் நூற்புழு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ளது, நிறமற்றது. அதனால் ஆய்வகத்தில் வேரை ஆசிட் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தில் கொதிக்க வைத்து, பிறகு கிளிசரினில் இட்டு வேரில் ஏறிய சாயத்தைக் குறைப்பார்கள். புழு மட்டும் சிவந்து நிற்கும்.

ஆனால் நுண்ணோக்கி வழியாகச் செல்போனில் படம் எடுத்தால், வேரில் மிஞ்சிய இளஞ்சிவப்போடு புழுவும் கலந்துவிடும். இதற்கு எளிய வழி, பச்சை வடிகட்டி. பொன்மலை ரயில் நிலையத்தின் சிவப்பு சிக்னலைப் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது மங்கிவிடும். அதுபோலவே சிவந்த புழு கருத்து, வேர் வெளிறித் தெரியும். சிவப்பு வடிகட்டி போட்டால் புழு மறைந்தே போகும்.

இன்னொரு பயனும் உண்டு. சாதாரண லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. பச்சை ஒளி மட்டும் வந்தால், விளிம்பில் தெரியும் நிறக்கசிவு குறையும்.

கவனிக்க வேண்டியவை:

* வடிகட்டியை விளக்கின் மேல் வையுங்கள். கேமராவுக்கு முன் வைக்க வேண்டாம்.
* கண்ணாடி வடிகட்டி இல்லையென்றால், சுருக்கமில்லாத பச்சை ஜெலட்டின் தாள் போதும். சூடாகும் பல்பில் தாள் உருகும், எல்.இ.டி. விளக்கே நல்லது.
* பச்சையாக வரும் படத்தைச் செல்போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.
* அதே இடத்தை வடிகட்டி இல்லாமலும் ஒரு படம் எடுங்கள். பிளந்த வேரின் காயத்தை இயல்பான நிறத்தில்தான் படம் எடுக்க வேண்டும்.

படம் சந்தேகத்தை வலுப்படுத்தும். புழுக்களின் எண்ணிக்கையை ஆய்வகமே சொல்லும். முழுதும் அழுகிய மரத்தை விட்டு, பாதிப்பு தொடங்கிய மரத்தின் வேரையும் மண்ணையும் காயாமல் பாலித்தீன் பையில் கட்டி, படத்துடன் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ காட்டுங்கள்.

நூற்புழு உறுதியானால், அடுத்த நடவுக்குப் பாதிப்பில்லாத தோட்டத்துக் கன்றைத் தேர்ந்தெடுத்து, கிழங்கின் வேரையும் மேல்தோலையும் சீவி நடுங்கள். ஊடுபயிராகச் செண்டுமல்லி போடுவதும் நூற்புழுவைக் குறைக்கும்.