நடந்து போக ஒரு நகரம்

புத்ராஜெயா அழகான நகரம்தான். 1995இல் கட்டத் தொடங்கினார்கள். 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கு மாறியது; 2001இல் அது கூட்டரசுப் பிரதேசமானது. ஏரி, பாலங்கள், பூங்காக்கள் எல்லாம் திட்டமிட்டபடி அமைந்துள்ளன. ஆனால், பத்து பாகாட்டிலிருந்து போன என் கண்ணில் முதலில் பட்டது ஆளில்லாத நடைபாதை. அகலமான சாலைகள், தள்ளித் தள்ளி நிற்கும் கட்டடங்கள். மதிய வெயிலில் அங்கே நடக்க யாருக்கு மனம் வரும்? எல்லாரும் காரில் போகிறார்கள். நடப்பவர் இல்லாத தெருவில் சிறு கடை பிழைக்காது.

எங்கள் ஜாலான் ரஹ்மாட்டில் பழைய கடைவீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி. மழையானாலும் வெயிலானாலும் நடக்கலாம். இந்த ஐந்தடியும் திட்டத்தில் பிறந்ததுதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த விதி, பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியது. அந்தத் திட்டம் நடப்பவரை நினைத்துப் போடப்பட்டது.

மாணவர்களுக்கு இது முக்கியம். கார் உரிமம் எடுக்க 17 வயதாக வேண்டும். அதுவரை பிரத்தியேக வகுப்புக்கும் நூலகத்துக்கும் அப்பாவின் காரை எதிர்பார்த்தே இருக்க வேண்டுமா? பத்து பாகாட்டிலும் புதிய தாமான்களும் பேரங்காடிகளும் நகர மையத்தை விட்டு விலகியே எழுகின்றன.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த வரைவு வரும்போது, நாமும் போய்ப் பார்த்து நம் கருத்தை எழுதிக் கொடுப்போம்.